மூன்றாவது பிள்ளைக்கு ஏன் ஆஸ்பத்திரி போகவில்லை?

சாமைக்காடு:
எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இருந்து உள்ளே தள்ளி. போன மாதம் என் அண்ணிக்கு மூன்றாவது பிள்ளை வீட்டிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஏச்சு, "இந்தக் காலத்துலயும் இப்படியா, படிக்காத ஜனம்" என்று. அண்ணி பத்தாவது வரை படித்தவர். வலி எடுத்தது ராத்திரி ஒரு மணிக்கு. 108-க்குப் போன் போட மேட்டுக்கு ஏறினால்தான் டவர் கிடைக்கும், வண்டி தார் ரோட்டோடு நின்றுவிடும், அதுவரை டோலி கட்டித் தூக்க நாலு ஆள் வேண்டும். இதெல்லாம் நடக்கும் முன்னே தலை தெரிந்துவிட்டது. இதோடு முடித்துவிடலாம், ஆனால் உண்மை இது மட்டும் இல்லை. சாயங்காலமே இடுப்பு கடுத்திருக்கிறது, அவர் வாயே திறக்கவில்லை. இரண்டாவது பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் பட்டது அப்படி. கத்தியதற்குத் தொடையில் அடி, "பெத்துக்கும்போது தெரியலையா" என்ற அந்தப் பழைய பேச்சு, போதாததற்குக் கேட்காமலே, பிள்ளை உண்டாகாமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி வைத்து அனுப்பிவிட்டார்கள். அதன் நூல் தட்டுப்பட்ட பிறகுதான் இவருக்கே தெரியும். இப்போது சொல்லுங்கள், யார் மேல் தப்பு?

பசுமைவழி:
யார் மேலும் தப்பு இல்லை நண்பா, உங்கள் அண்ணி சரியாகத்தான் செய்திருக்கிறார். பிரசவம் நோயா என்ன? என் பாட்டி ஒன்பது பெற்றார், எல்லாம் திண்ணைக்கு உள்பக்க அறையில், மருத்துவச்சி கையால். இன்றைக்கு ஆஸ்பத்திரி என்றாலே கத்திதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள், தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா:
ஒன்பது பெற்றார், சரி. எத்தனை தங்கியது? அதையும் பாட்டியிடம் கேட்டுவிட்டு வாருங்கள் தம்பி. நான் 28 வருஷம் கிராம சுகாதார செவிலியர். பிள்ளை வந்த பிறகு நஞ்சுக்கொடி வெளியே வராமல் நின்று, பாய் நனைந்து, சாணம் மெழுகிய தரையில் ரத்தம் ஓடியதைப் பார்த்தவள். அந்த நேரத்தில் கர்ப்பப்பை சுருங்க ஆக்ஸிடோசின் ஊசி வேண்டும், அதைக் குளிரில் வைத்திருக்க வேண்டும், மருத்துவச்சியின் சுருக்குப் பையில் அது இருக்காது. 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்து ஒரு பெண் ரத்தப்போக்கில் செத்துப்போனது மறந்துவிட்டதா? அப்புறம் அந்த 44.9. தனியார் ஆஸ்பத்திரியில் 63.8, அரசு ஆஸ்பத்திரியில் 36. ஜவ்வாது மலைக்காரி எந்தத் தனியாருக்குப் போகிறாள்? உங்கள் கணக்கை வைத்து அவள் வீட்டில் பெற்றதை நியாயப்படுத்த முடியாது.

பசுமைவழி:
36 மட்டும் குறைச்சலா? நாடு முழுக்க எடுத்தாலே 21.5 தான். மல்லாக்கப் படுக்க வைத்து முக்கச் சொல்வது யாருக்கு வசதி, பெறுகிறவளுக்கா, பார்க்கிறவருக்கா?

ஓய்வுபெற்ற நர்ஸம்மா:
36 அதிகம்தான். படுக்க வைக்கும் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி, சண்டை போடமாட்டேன். அதற்காக மலை மேல் ரத்தப்போக்குக்கு வழி சொல்லிவிட்டீர்களா?

எண்பதடி ரோடு:
முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் கொடுக்கிறார்கள், 108 இலவசம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்நேரமும் நர்ஸ் இருக்கிறார். வரியில் இவ்வளவும் செய்து கொடுத்தும் வரமாட்டேன் என்றால் சும்மா அடம்.

செங்கம் மருமகள்:
அண்ணா, அந்த 18,000-இல் கையில் வருவது 14,000, மீதி 4,000-க்குச் சத்துப் பெட்டகம். அதுவும் தவணையில். என் கடைசித் தவணை என் மகன் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது. முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் அந்தப் பணம், சாமைக்காடு சொல்வது மூன்றாவது. பணம் கிடையாது, கிடைப்பது திட்டு. "ரெண்டு போதாதா" என்பதைப் கர்ப்பத்தைப் பதிவு போடப் போகும்போதே கேட்க வேண்டும். நான் சமவெளிக்காரி, ரோடு வீட்டு வாசலில். எனக்கே, கூட ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்த இடத்தில் என் அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அதற்காக வீட்டில் பெற்றுக்கொள் என்று எவளுக்கும் சொல்லமாட்டேன். என் மகன் பிறந்ததும் அழவில்லை, நீலம் பாரித்திருந்தான். ஒரு சின்ன நர்ஸ் பெண் முகத்தில் பை வைத்து அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்தாள். எங்கள் வீட்டில் யாருக்கு அது தெரியும்? என்னை அதட்டியதும் அவளேதான்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா:
மருமகள் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். நானும் திட்டியிருக்கிறேன். மூன்றாவது என்றால் மேலே இருந்து எங்களைக் கேட்பார்கள், நாங்கள் அந்தக் கோபத்தை அவள் மேல் இறக்குவோம். அப்படித் திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவாள் என்று புரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது. மறைப்பதில் இன்னொன்று உண்டு, இங்கே யாரும் தொடவில்லை. பதினெட்டு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் சிறார்களைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், புருஷன் உள்ளே போவான். அதனால் எட்டு மாத வயிற்றோடு அந்தப் பெண்ணை சாமைக் கொல்லையில் ஒளித்து வைப்பார்கள், நான் வரும் வழியைப் பார்க்க ஒரு பையனை மரத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். உடம்பு வளராத பிள்ளைகள், அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சட்டம் தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் நடப்பது இதுதான்.

சாமைக்காடு தம்பிக்கு ஒன்று: மலைப் பக்கத்துப் பெண்களுக்குப் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள், தேதிக்கு முன்னாலேயே வந்து தங்கலாம், சாப்பாடு உண்டு. டவரும் டோலியும் தேட வேண்டாம்.

சாமைக்காடு:
தெரியும் அக்கா. அண்ணன் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில். அண்ணி பத்து நாள் போய்த் தங்கினால் இரண்டு பிள்ளைகளுக்கு யார் ஆக்கிப் போடுவது, ஆட்டை யார் ஓட்டுவது?

ஓய்வுபெற்ற நர்ஸம்மா:
சின்னதையாவது கூடவே கூட்டி வரச் சொல்லியிருக்கலாம், நான் இருந்த இடத்தில் விட்டோம். ஆட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளைக்கு பி.சி.ஜி, அந்தக் காசநோய்த் தடுப்பூசி, போட்டாயிற்றா?

சாமைக்காடு:
இல்லை. போனால் திட்டுவார்கள் என்று அண்ணி போகவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா:
புதன்கிழமை தடுப்பூசி நாள். நீயும் கூடப் போ, வாசலில் நிற்காதே, உள்ளே போ. 21 நாள் தாண்டினாலும் தாமதக் கட்டணம் கட்டிப் பிறப்பைப் பதியலாம், அதையும் கேட்டு வா. யாராவது குரலை உயர்த்தினால் "ஊசியைப் போடுங்க, அப்புறம் திட்டுங்க" என்று சொல். நானே சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்லிவிடாதே.