மறு: எண்டோசிம்பயான்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இன்னொரு உயிரின் உடலுக்குள்ளேயே குடியிருந்து வாழும் நுண்ணுயிரிக்கு ஆங்கிலத்தில் எண்டோசிம்பயான்ட் என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த 'நன்மைசெய் உள்நுண்ணுயிரி', 'அகக்கூட்டுயிரி', 'உள்ளுறைவி' போன்ற பரிந்துரைகளைப் படித்தேன். பூச்சிகளின் பரிணாமம் பற்றித் தமிழில் எழுதும்போது நானும் தடுமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

> 'நன்மைசெய் உள்நுண்ணுயிரி' என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். யாருக்கு நன்மை என்பதில்தான் சிக்கலே. செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு மட்டும் என்றால் இந்தப் பெயர் போதும். அது உறிஞ்சும் புளோயச் சாற்றில் (செடிக்குள் உணவைக் கடத்தும் குழாய்களின் சாறு) சர்க்கரை ஏராளம், ஆனால் தேவையான அமினோ அமிலங்கள் போதாது. அந்தக் குறையை நிரப்புவது புக்னெரா என்ற பாக்டீரியா. அதற்கென்றே அசுவினியின் உடலில் தனிச் செல்கள் இருக்கின்றன. ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் புக்னெராவை ஒழித்தால் அசுவினி குன்றிப்போகும், ஒழுங்காக இனம் பெருக்காது. பாக்டீரியாவும் தனியாகப் பிழைக்காது. 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே இருந்ததில் அதன் மரபணுத்தொகை சுமார் 6.4 லட்சம் கார இணைகளாக (டி.என்.ஏ.வின் 'எழுத்து' இணைகள்) சுருங்கிவிட்டது. அதன் உறவுக்காரக் குடல் பாக்டீரியா ஈ.கோலைக்கு ஏறக்குறைய 46 லட்சம்.

சரி, பூச்சிகளுக்குள் வாழும் இன்னொரு பாக்டீரியாவான வோல்பாக்கியாவுக்கு வருவோம். 1924-இல் ஹெர்டிக், வோல்பாக் இருவரும் கியூலெக்ஸ் கொசுவில் கண்டது இது. முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது, விந்தணுவில் ஏறுவதில்லை. ஆகவே ஆண் பூச்சிக்குள் மாட்டிக்கொண்ட வோல்பாக்கியாவுக்கு வாரிசு கிடையாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அது செய்யும் அட்டகாசமெல்லாம் விளங்கிவிடும்.

ஹைப்போலிம்னாஸ் பொலினா என்று ஒரு வண்ணத்துப்பூச்சி, நம் பக்கத்துத் தோட்டங்களிலும் பறப்பதுதான். சமோவாத் தீவுகளில் அதற்குள் இருக்கும் வோல்பாக்கியா ஆண் கருக்களைக் கொன்றுவிடும். அண்ணன் தம்பி இல்லாத வீட்டில் பெண் புழுக்களுக்கு இலை மிச்சம், பாக்டீரியாவுக்கும் அதுதான் வேண்டும். 2001-இல் அங்கே 100 பூச்சிக்கு ஒன்றுதான் ஆண். ஐந்தாறு ஆண்டு கழித்துப் பார்த்தால் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சரிபாதி. பாக்டீரியா எங்கும் போய்விடவில்லை. அதன் கையைக் கட்டிப்போடும் மரபணு ஒன்று பத்துத் தலைமுறைக்குள் அந்தப் பூச்சிகளிடையே பரவிவிட்டது. நன்மை செய்கிறவருக்கு எதிராக யாரும் இவ்வளவு அவசரமாகப் பூட்டுப் போடுவதில்லை.

அப்படியானால் 'ஒட்டுண்ணி' என்றே சொல்லிவிடலாமா? அதுவும் ஒத்துவராது. அசோபாரா டாபிடா என்ற சின்னக் குளவியிடமிருந்து இதே வோல்பாக்கியாவை நீக்கினால் பெண் குளவிக்கு முட்டையே உருவாவதில்லை. நன்மை, தீமை இரண்டையும் பெயருக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

'அகக்கூட்டுயிரி'யில் தவறில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'கூட்டுயிர் வாழ்க்கை'யிலிருந்து வருவதால் பழக்கமும் இருக்கிறது. ஆனால் 'கூட்டு' என்றதும் கூட்டுறவு, கூட்டாளி என்று மனம் போய்விடுகிறது. அம்மா ஒருவர் சொன்ன 'உள்ளுறைவி' காதுக்கு அழகாக இருந்தது. ஆனால் 'உறை' என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பாலுக்கு ஊற்றும் உறை. அதிலும் பாக்டீரியா இருந்து தொலைப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்! இலங்கையில் 'ஒன்றியவாழி' என்று முன்பே புழங்குகிறது. அதே அச்சில் 'உள்வாழி' என்பது என் பரிந்துரை. முட்டை வழியாகக் கடத்தப்படுவதைக் குறித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'தாய்வழி உள்வாழி'.

> சைட்டோபிளாஸ்மிக் இன்கம்பாட்டிபிலிட்டி = குழியவுரு ஒவ்வாமை?

'ஒவ்வாமை'யை மருத்துவர்கள் அலர்ஜிக்கு எடுத்துக்கொண்டு வெகுகாலமாகிறது. இனி அதை மீட்க முடியாது. எனக்குக் 'குழியவுரு'வே (செல்லுக்குள் உட்கருவைச் சுற்றியிருக்கும் பொருள்) உறுத்துகிறது, ஐயா. இந்தப் பெயர் குறிப்பது இதைத்தான்: வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் வீணாகும். பெண்ணிடமும் அதே வோல்பாக்கியா இருந்தால் பொரிக்கும். லாவன் என்ற ஆய்வாளர் கியூலெக்ஸ் கொசுக்களைக் கலந்து பார்த்த காலத்தில், காரணம் தாயின் குழியவுரு வழியாக வருகிறது என்பது வரைதான் தெரிந்தது. பெயர் அப்படியே நின்றுவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் யென், பார் என்ற இரு ஆய்வாளர்கள் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பாக்டீரியாவை நீக்கிக் காட்டிய பிறகுதான் ஆள் பிடிபட்டது. புதிதாகச் சொல் படைக்கும் நாம் அந்தப் பழைய பெயரையே சுமக்க வேண்டியதில்லை. 'உள்வாழிப் பொருந்தாமை' என்போம்.

பரிணாமத்தில் இதன் எடை கொஞ்சநஞ்சமல்ல. நசோனியா குளவிகளில் ஜிரால்டி, லாங்கிகார்னிஸ் என்று இரண்டு இனங்கள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் வோல்பாக்கியா. கலந்தால் கலப்பினச் சந்ததி உருவாவது அரிது. இரண்டுக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டுக் கலந்தால் பிறக்கிறது, அதற்கும் வாரிசு உண்டாகிறது. 2001-இல் வந்த ஆய்வு இது. குளவிகளின் மரபணுக்கள் விலகிப்போகும் முன்பே உள்வாழி வேலி போட்டுவிட்டது என்று தெரிகிறது.

சொல்லைச் சீக்கிரம் முடிவு செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதுச்சேரியிலுள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு மையம் டெங்குவைக் கட்டுப்படுத்த, வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-இல் அறிவித்தது. அவை வெளியே விடப்படும் நாளில், நாம் சொல் தராவிட்டால் நாளிதழ்கள் 'வைரஸ் கொசு' என்று தலைப்புப் போட்டாலும் போடும்.

கடைசியாக ஒரு சோதனை. எலுமிச்சையைத் தாக்கும் மாவுப்பூச்சி ஒன்றுக்குள் டிரெம்பிளயா என்ற பாக்டீரியா, அந்தப் பாக்டீரியாவுக்குள் மொரனெல்லா என்று இன்னொன்று. மொரனெல்லாவை 'உள்வாழியின் உள்வாழி' என்று எழுதிப் பார்த்தேன், சிரிப்பு வந்தாலும் பொருள் நிற்கிறது. 'அகக்கூட்டுயிரி'க்கு வாக்களித்தவர்கள் இந்த இடத்தில் என்ன எழுதுவீர்கள்?