ஆட்டிசம் இருக்கிறது, வேலை தெரியும், இண்டர்வியூவில் பேச வரவில்லை. என்ன செய்வது?

திருப்பூர் பையன்:

வயது 26, பி.காம். (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்). போன வருடம்தான் எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானது. அதற்கு முன் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமெண்டேஷனில் எட்டு மாதம் இருந்தேன். இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் வரிக்கு வரி ஒப்பிடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 6109 என்ற சுங்கக் குறியீட்டில் போக வேண்டிய டி-சர்ட்டை யாராவது ஸ்வெட்டருக்கான 6110-ல் போட்டிருந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும்.

வேலை போனது வேறு காரணத்தால். மேலாளர் "அந்த ஷிப்மெண்டைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்பார். எதைப் பார்க்கணும், எதுவரைக்கும் என்று கேட்டால், எதிர்த்துப் பேசுகிறேன் என்று நினைத்தார். பக்கத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் போனில் பேசினால் எனக்குக் கை ஓடாது. மதியம் கழிவறைக்குள் போய் நின்றுகொள்வேன்.

அப்புறம் ஐந்து இண்டர்வியூ. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் வாய் அடைத்துவிடுகிறது. அப்பா மளிகைக் கடை வைத்துத் தருகிறேன் என்கிறார். நாள் முழுக்க ஆட்களோடு பேச வேண்டும் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. ஆட்டிசம் என்று முதலிலேயே சொல்லிவிடலாமா?

மதுரை_41:

தம்பி, எனக்கும் ஆட்டிசம்தான். ஒன்பது வருடமாக ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யோடு (விற்றவர்கள் பதிவு செய்த பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தரும் பட்டியல்) பொருத்திப் பார்ப்பதுதான் என் வேலை. உங்களுக்கு இது கண்டிப்பாக வரும்.

நான் இண்டர்வியூவில் தேறியதே இல்லை. "மூன்று நாள் சம்பளம் வேண்டாம், ஒரு பழைய கோப்பைக் கொடுங்கள், செய்து காட்டுகிறேன்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது நாளே விடுபட்ட பில்களைப் பிடித்துக் கொடுத்தேன். பெரிய கம்பெனியில் இது நடக்காது. பத்துப் பேர் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

சேரும்போது ஆட்டிசம் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. தேவையை மட்டும் சொன்னேன்: வேலையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், சுவர் ஓரம் மேஜை கொடுங்கள், போன் எடுக்கச் சொல்லாதீர்கள். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய 11, 20 தேதிகளுக்கு முன்னால் அலுவலகமே சந்தைக்கடை ஆகிவிடும். அந்த நாட்களில் காலை ஏழு மணிக்கே போய், கூட்டம் சேர்வதற்குள் பாதி வேலையை முடித்துவிடுவேன். ஆறு மாதம் கழித்துத்தான் ஆட்டிசம் என்று பெயரைச் சொன்னேன்.

செங்கல்பட்டு அக்கா:

என் தம்பிக்கும் ஆட்டிசம். மதுரைக்காரர் சொன்ன கடைசி விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மறைத்து வைத்த ஆறு மாதத்தில் என் தம்பி உருக்குலைந்து போனான்.

கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து குறைபாட்டுச் சான்றிதழும் யு.டி.ஐ.டி. அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வாங்கிவிடுங்கள். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமே இல்லை. 2016 சட்டத்தில்தான் வந்தது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல குறைபாடுகள் ஒன்றாக உள்ளவர்கள் எல்லோருக்கும் சேர்த்து. சான்றிதழில் 40 சதவீதமாவது இருக்கணும். நன்றாகப் பேசுகிறாரே என்று டாக்டர்கள் குறைத்துப் போட்டுவிடுவார்கள். அதனால் நீங்கள் கழிவறையில் நிற்பதை, தூக்கம் போவதை எல்லாம் எழுதி எடுத்துப் போங்கள். வாயால் சொல்ல வேண்டியதில்லை, தாளை நீட்டினால் போதும்.

இன்னொன்று. தமிழ் அரசுத் தாள்களில் ஆட்டிசம் உள்ளவரை "புற உலகச் சிந்தனையற்றவர்" என்று போட்டிருப்பார்கள். என் தம்பி அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இன்வாய்ஸில் ஒரு எண் மாறினால் துடித்துப்போகிற உங்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

திருப்பூர் பையன்:

அண்ணா, அக்கா, நன்றி. மூன்று முறை படித்தேன். ஊரில் இருக்கும் சின்ன ஆடிட்டர் அலுவலகங்களைப் பட்டியல் போட்டுவிட்டேன், பதினொன்று வருகிறது. கடிதத்தில் தேவைகளை மட்டும் எழுதப் போகிறேன். அட்டை வந்ததும் அதையும் காட்டிவிடுவேன். ஒரே ஒரு கேள்வி: கடிதத்தை நேரில் கொடுப்பதா, தபாலில் அனுப்புவதா?

மதுரை_41:

நேரில் கொடுங்கள். 21-ஆம் தேதிக்கு மேல், காலை பத்து மணிக்குள். அப்போது அவர்களுக்குப் படிக்க நேரம் இருக்கும்.