பல்லிடுக்கில் சிக்கும் உணவு: உங்களுக்கு எதனால் சிக்கியது, எப்படி எடுத்தீர்கள்?

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்:

எனக்கு ஆட்டிறைச்சி நார் எப்போதும் ஒரே இடத்தில்தான் சிக்கும். முருங்கைக்காய், கீரைத்தண்டு, நார் மிகுந்த மாம்பழம் என எதைச் சாப்பிட்டாலும், வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பற்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்குதான் முதலில் நிறையும். கொப்பளித்தும் வராதபோது, மருந்துக்கடையில் கிடைக்கும் மெழுகு பூசிய ஃப்ளாஸ் நூலால் எடுத்துவிடுவேன். சில வாரங்களாக அந்த நூல் அந்த இடத்தில் மட்டும் பிரிபிரியாகக் கிழிந்து வந்ததால் பல் மருத்துவரிடம் சென்றேன். மேலிருந்து பார்த்தால் குறையொன்றும் தெரியாத அந்தப் பல்லில், பக்கத்துப் பல்லைத் தொடும் பகுதியில் சொத்தை விழுந்திருப்பதை அவர் எக்ஸ்ரேயில் காட்டினார். அடைத்த பிறகு அங்கே எதுவும் சிக்குவதில்லை. ஒரே இடுக்கில் திரும்பத் திரும்ப உணவு மாட்டிக்கொண்டால், அதை எடுக்கும் வழியைத் தேடுவதோடு காரணத்தையும் தேட வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்களுக்கு என்ன காரணமாக இருந்தது?

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்:

நீங்கள் சொல்வது சரிதான், அம்மா. என் மாமனாருக்குக் கீழ்க் கடைவாயில் ஒரு பல்லைப் பிடுங்கிய பிறகு, அந்த இடத்தில் மாற்றுப் பல் வைக்காமலே விட்டுவிட்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லப் பின்னால் இருந்த பல் காலியிடத்தை நோக்கிச் சாய்ந்து, அதன் மறுபக்கத்தில் ஓர் இடைவெளி உண்டாகி, சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் அதில் உணவு அடைத்துக்கொள்ளத் தொடங்கியது. அவர் சட்டைப் பையில் ஒரு ஊக்கு எப்போதும் இருக்கும். அது கிடைக்காவிட்டால் தீக்குச்சி. வீட்டில் யார் சொல்லியும் கேட்கவில்லை (அவர் தலைமுறையில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்). ஊக்கு குத்திய ஈறு வீங்கிச் சீழ் வைத்தபோது, அவருக்குச் சர்க்கரை நோயும் இருந்ததால் புண் ஆற நாளாயிற்று. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் விரைவாக முற்றும் என்றும், ஈற்றில் தொற்று நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும் என்றும் மருத்துவர் அவரிடமே விளக்கினார். இப்போது ஊக்குக்குப் பதிலாக, பல்லிடுக்கில் நுழையும் சிறிய தூரிகை ஒன்றை வைத்திருக்கிறார். இடைவெளி பெரிதாக உள்ள இடத்தில் நூலைவிட அந்தத் தூரிகையே நன்றாகச் சுத்தம் செய்கிறது. அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். இறுக்கமாக இருப்பதை வலிந்து நுழைக்கக் கூடாது.

பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிபவர்:

நாங்கள் அதிகம் பார்ப்பது, குச்சியின் முனை ஒடிந்து ஈற்றுக்குள் தங்கிவிட்ட நிலையில் வருபவர்களைத்தான். உணவைவிட அந்தச் சிம்பை எடுப்பதுதான் கடினம். தையல் நூலும் வேண்டாம். அது அறுந்து அதன் துண்டே உள்ளே மாட்டிக்கொள்ளும்.

முதலில் வெதுவெதுப்பான நீரால் பலமாகக் கொப்பளித்துப் பாருங்கள். வராவிட்டால் சுமார் 45 செ.மீ. நீளம் ஃப்ளாஸ் நூலை எடுத்து, இரு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, இடையில் ஓரிரு அங்குலம் மட்டும் விறைப்பாக இருக்குமாறு பிடியுங்கள். பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நூலை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து இறக்க வேண்டும். படக்கென்று அழுத்தினால் அது நேரே ஈற்றைப் போய் வெட்டும். உள்ளே சென்றதும் ஒரு பல்லைத் தழுவுமாறு நூலை வளைத்து, ஈற்று ஓரத்திலிருந்து பல்லின் நுனியை நோக்கி வழித்தெடுத்து, பிறகு பக்கத்துப் பல்லிலும் அவ்வாறே செய்யுங்கள். அப்படியும் நார் அசையாவிட்டால், நூலின் நடுவில் சிறு முடிச்சு ஒன்றைப் போட்டு, அந்த முடிச்சு இடுக்கின் வழியே செல்லுமாறு பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். பல்லின் மேல் போடும் உறை (கேப்) அல்லது தளர்ந்த அடைப்பு உள்ள இடத்தில் நூலை மேலே தூக்காமல், ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவி எடுப்பது நல்லது. புதிதாக ஃப்ளாஸ் பழகுபவர்களுக்கு முதல் சில நாட்கள் ஈற்றில் லேசாக இரத்தம் கசியலாம். ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தால் காட்டிவிடுங்கள்.

சென்னையிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்:

பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்களுக்குச் சாதாரண நூல் கம்பியைத் தாண்டி மேலிருந்து இறங்காது. ஒரு முனை விறைப்பாக இருக்கும் நூல் தனியாகக் கிடைக்கிறது. அதை ஊசியில் கோப்பதுபோல் கம்பிக்கு அடியில் நுழைத்து எடுக்கிறேன். எனக்குச் சிக்கலே வேறு. பாப்கார்ன் தோல் ஒன்று பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவில் இறங்கிவிட்டது. நூலால் வரவில்லை, இப்போது அந்த இடம் சிவந்திருக்கிறது. காத்திருக்கலாமா?

உதவியாளர்:

காத்திருக்க வேண்டாம், தம்பி. பாப்கார்ன் தோல் மெல்லியதாக வளைந்திருப்பதால் பல்லோடு ஒட்டிக்கொண்டு ஈற்றுக்குள் ஆழமாக இறங்கும். உமிழ்நீரில் கரைந்தும் போகாது. உப்பு நீரால் கொப்பளித்தால் எரிச்சல் குறையுமே தவிர, உள்ளே போனது தானாக வெளிவரும் என்று நம்ப முடியாது. மருத்துவர் அதற்குரிய கருவியால் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். வீக்கம் கன்னத்திற்குப் பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.