கிட்டார் பெடலில் 0.1 மைக்ரோ போடச் சொன்னார்கள், கெபாசிட்டரில் 103 இருக்கிறது: பேஸ் போயே போச்சு

கேள்வி (ரங்கூன்):
அண்ணன்மாரே, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குற டியூப் ஸ்க்ரீமர் பெடலோட சர்க்யூட்ல ஒரு நகல் பெடல் வச்சிருக்கேன். பேஸ் (கனமான கீழ் ஒலி) போதலைன்னு, 4.7 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரோட சேர்ந்திருக்கிற 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைக் கழற்றி 0.1 போடச் சொன்னாங்க. டவுன் கடையில “இதான் பாயிண்ட் ஒன்”னு பச்சையா ஒண்ணு கொடுத்தார். மேலே 2ஏ103ஜே-ன்னு இருக்கு. போட்டதும், இருந்த பேஸும் போச்சு. தகரத்தைத் தட்டுன மாதிரி கேக்குது. சால்டர் சுத்தமா இருக்கு. வேற என்ன பார்க்கணும்?

பதில்:
சால்டரை விடுங்க தம்பி, கடைக்காரர் ஒரு சைபரை முழுங்கிட்டார். முதல் ரெண்டு எண் அப்படியே, மூணாவது எண் பின்னால எத்தனை சைபர்ங்கிறது. கணக்கு பிக்கோஃபாரட்ல. 103-ன்னா 10,000 பிக்கோ, அதாவது 10 நானோ, 0.01 மைக்ரோ. உங்களுக்கு வேண்டியது 104. கழற்றுனது 473-ஆ இருக்கும், பாருங்க.

அந்த 4.7 கே-யோட 47 நானோ இருந்தா 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே டிரைவ் (கரகரப்பு) குறைஞ்சுகிட்டே வரும். 100 நானோ போட்டா அது 340-க்கு இறங்கும். நீங்க 10 நானோ போட்டதுல 3,400-க்கு ஏறிடுச்சு! மெல்லிசு ஈ கம்பியைச் சும்மா அடிச்சாலே 330 தான், அப்புறம் பேஸ் எங்கேருந்து வரும்? 2ஏ-ன்னா 100 வோல்ட், ஜே-ன்னா 5 சதவீதம் கூடக்குறைய. 9 வோல்ட் பெடலுக்கு அதெல்லாம் தாராளம்.

கேட்டவர்:
பழைய டிவி போர்டுல 2ஜி104கே ஒண்ணு இருக்கு. போடலாமா? அப்புறம் படத்துல 51 பிக்கோன்னு ஒண்ணு, என்கிட்ட 510-ன்னு செராமிக். பத்து மடங்கு ஆயிடாதா?

பதில்:
510-ன்னா 51-க்குப் பின்னால சைபரே இல்லை. அதே 51 பிக்கோதான். டிவில இருக்கிறது, 2ஜி-ன்னா 400 வோல்ட், மதிப்பு சரி, ஆனா குண்டா இருக்கும், மூடி மூடுதான்னு பாருங்க. போர்டுல பெரிய கெபாசிட்டர்ல சார்ஜ் தங்கியிருக்கும், கை வைக்கிறதுக்கு முன்னாடி இறக்கிடுங்க. கழற்றினப்புறம் மல்டிமீட்டர்ல அளங்க, போர்டுல இருக்கும்போது அளந்தா தப்பாக் காட்டும்.

இன்னொருவர் (பெகு):
சில படத்துல 4என்7-னு இருக்கும், 4.7 நானோ. புள்ளி நகல்ல அழிஞ்சுடும்னு எழுத்தை அங்கே வச்சிருக்காங்க. பழைய அமெரிக்கப் படத்துல வெறும் .047-ன்னா மைக்ரோ. மஞ்சள் பிலிம் கெபாசிட்டர் போட்டாத்தான் சத்தம் இனிக்கும்ங்கிறதை நான் நம்புறதில்லை. அப்புறம், ஹம்பக்கர் (ரெட்டைச் சுருள் பிக்கப்) வச்ச கிட்டாருக்கு 104 கொஞ்சம் அதிகம், என்னைக் கேட்டா 683.

கேட்டவர்:
ராத்திரி கரண்ட் வந்ததும் 104 மாத்தினேன், மீட்டர்ல 98 நானோ. பேஸ் வந்துடுச்சு. ஆனா பேஸ் கிட்டார் கூட வாசிச்சா குழம்புது, பெகு அண்ணன் சொன்னது சரிதான். 683 எந்தக் கடையிலயும் இல்லை.

பதில்:
கழற்றின 473 இருக்கில்ல? அது காலோட 223 ஒண்ணைச் சேர்த்து இணையாச் சால்டர் பண்ணுங்க. 47-ம் 22-ம் 69 நானோ ஆச்சு, 683-ங்கிற 68-க்குப் பக்கம்.