பியானோவில் 'கைநிலை': ஒரு சொல்லா, இரண்டா?

> ஹேண்ட் பொசிஷனுக்குக் 'கைநிலை' என்றே வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

'கைநிலை' நல்ல சொல்தான். ஆனால் அது ஒன்றே போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹேண்ட் பொசிஷன் என்னும்போது ஆங்கிலத்தில் இரண்டு செய்திகள் கலந்து வருகின்றன. ஒன்று, கையின் வடிவம்: விரல்கள் இயல்பாக வளைந்திருக்க வேண்டும், மணிக்கட்டு தொய்யக் கூடாது, பெருவிரல் நுனியின் பக்கவாட்டால் கட்டையை (பியானோவின் கீ) தொட வேண்டும். மற்றது, 88 கட்டைகளில் கை நிற்கும் இடம்: வலக்கைப் பெருவிரல் நடு சி-யில் (கட்டை வரிசையின் நடுப்பகுதியில் உள்ள சி சுரம்) இருந்தால் மற்ற நான்கும் அடுத்த சுரங்களான டி, இ, எஃப், ஜி மீது அமரும்.

கற்கத் தொடங்கிய நாட்களில் இந்தக் குழப்பத்தில் நானே சிக்கினேன். "பொசிஷனை விடாதே" என்று வடிவத்தைச் சொன்னார்கள். நான் இடத்தைப் பிடித்துக்கொண்டேன். சி மேஜர் ஏறுவரிசையில் வலக்கையின் முதல் மூன்று விரல்கள் சி, டி, இ வாசித்ததும் பெருவிரல் அடியில் நுழைந்து எஃப்-ஐத் தொட வேண்டும். கை அங்கே இடம் பெயர்கிறது, வடிவம் குலைவதில்லை. நானோ கையை நகர்த்தாமல் முழங்கையைத் தூக்கி மணிக்கட்டைத் திருகினேன். வலிதான் மிச்சம்.

ஆகவே என் பரிந்துரை: வடிவத்துக்குக் 'கைநிலை', இடத்துக்குக் 'கையிடம்'.

சுரம் நிற்கும் இடத்தைச் 'சுரத்தானம்' என்பதுபோல, கையின் இடத்தைக் 'கைத்தானம்' எனலாம். ஆனால் கொடை நினைவுதான் முந்தி வரும். 'கையிருப்பு' பணத்துக்குப் போய்விட்டது. ஐந்து விரல்களும் ஐந்து கட்டைகளில் நிற்பதால் 'ஐங்கட்டை' என்றால், பாடுகிறவர்கள் ஜி சுருதி என்று எடுத்துக்கொள்வார்கள். 'கையிடம்' என்பதில் 'இடம்' வேற்றுமை உருபாக ஒலிக்காதா என்று கேட்பீர்கள். அந்த உருபு 'என்னிடம்', 'அவளிடம்' என ஆட்களுக்கு வருவது. கைக்குக் 'கையில்' என்றே சொல்கிறோம். 'சி கையிடம்', 'கையிட மாற்றம்' என்று கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன.

பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் கற்பித்த முறையையும் பாருங்கள். அவர் கையை முதலில் வைக்கச் சொன்னது இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி ஆகிய ஐந்து கட்டைகளில். நீண்ட விரல்கள் மூன்றும் உயர்ந்த கருங்கட்டைகளில் அமர்கின்றன. குட்டையான பெருவிரலும் சுண்டுவிரலும் தாழ்ந்த வெண்கட்டைகளுக்கு வருகின்றன. அதாவது, கைநிலை தானாகவே சரியாக அமையும்படி அவர் கையிடத்தைத் தேர்ந்தெடுத்தார். இந்த வாக்கியத்தை ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள், எழுத வராது.

அடுத்து, பெருவிரல் அடியில் நுழைகிறதே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். 'அடிநுழைவு' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் மனம் நிறையவில்லை. வாசிக்கிறவர்கள் பேச்சில் வேறு சொல் புழங்கினால் அதையே எடுத்துக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.