புல்லட்டில் ஸ்ப்ராக்கெட் மாற்றினால் ஹைவேயில் நிம்மதியாக ஓடுமா? அவசரம்

பாலாற்றங்கரை:
வணக்கம். வாரா வாரம் வேலூரிலிருந்து ஓசூர் வரை புல்லட்டில் போய் வருகிறேன். 80ஐத் தொட்டால் ஹேண்டில்பார் நடுங்குகிறது, வாணியம்பாடி தாண்டுவதற்குள் விரல் மரத்துப் போகிறது. இன்ஜின் கத்துவதைக் கேட்க மனசு கஷ்டமாக இருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது இன்ஜின் பக்கம் செயினை இழுக்கிற பற்சக்கரத்தில், பல் கூட்டினால் சரியாகும் என்கிறான் நண்பன். எத்தனை பல் போடலாம்? நாளை காலை மெக்கானிக்கிடம் விடுகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
எந்த புல்லட் தம்பி? 350ஆ, 500ஆ? கியர் வலது காலிலா, இடது காலிலா? இப்போது எத்தனை பல்? இதெல்லாம் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

குடியாத்தம் குமரன்:
ஸ்ப்ராக்கெட்டை விடுங்கள். முதலில் ஹெட் ஸ்டே போல்ட்டைப் பாருங்கள். இன்ஜின் தலையையும் ஃபிரேமையும் இணைக்கிற அந்தப் பட்டை லூசானால் வண்டி முழுக்க நடுங்கும். என் வண்டியில் ஆறு மாதம் காரணம் தேடி அலைந்தேன், கடைசியில் இரண்டு நட்டு.

சத்துவாச்சாரி ரைடர்:
பின் ஸ்ப்ராக்கெட்டை 38லிருந்து 36 ஆக்குங்கள், சுலபம். சக்கரத்தைக் கழற்றினால் வேலை முடிந்தது. ஆமாம், தனியாகப் போகிறீர்களா, பின்னால் ஆள் உண்டா?

பாலாற்றங்கரை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 1996 வண்டி, 350, வலது கால் கியர், நான்கு கியர். தனியாகத்தான் போவேன், பின்னால் ஒரு பை. முன் பல்லை எண்ணப் பார்த்தேன், வெளியே தெரியவே இல்லை.

இரும்பு இன்ஜின்:
தெரியாது தம்பி. கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற பல்லை வெளியிலிருந்து எண்ணப் பார்த்தவர், நாளைக் காலையே மாற்றக் கிளம்பக் கூடாது. இந்த வண்டிகளை இருபது வருடமாகக் கழற்றிப் பூட்டுகிறேன், அதனால் சொல்கிறேன். இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் இரண்டும் முதலில் வர வேண்டும். வெளிக்கவரை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கும். அதைத் திறந்தால் உள்ளே இருக்கிற ஆயில் கொட்டும், கீழே தட்டு வையுங்கள். அப்புறம் பிரைமரி செயின் (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகிற செயின்), கிளட்ச், உள் கவர். எல்லாம் வெளியே வந்த பிறகுதான் ஸ்ப்ராக்கெட்டே கண்ணில் படும். அரை நாள் வேலை.

சத்துவாச்சாரிக்காரர் சொன்ன பின் ஸ்ப்ராக்கெட் யோசனை இந்த வண்டிக்கு ஆகாது. பல்லும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. பல்லை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது.

சத்துவாச்சாரி ரைடர்:
சரி அண்ணா, அது எனக்குத் தெரியாது. நான் புது வண்டிக் கணக்கில் சொல்லிவிட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்:
பழைய நான்கு கியர் 350 என்றால் முன்னால் 16, பின்னால் 38 இருக்கும். முன்னால் 17 போடுங்கள். அதே இன்ஜின் சுற்றுக்கு வேகம் 16ல் ஒரு பங்கு, அதாவது 6.25 சதவீதம் கூடும். பிரைமரி செயினின் இரு முனைப் பற்கள் 25க்கு 56. 19 அங்குலச் சக்கரத்தில் கணக்குப் போட்டால், டாப் கியரில் 80க்கு இப்போது இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3450 சுற்று வரும், 17 போட்டால் 3250. குறைவது 200 சுற்றுதான், ஆனால் அது கைக்குத் தெரியும்.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. வண்டிக்கு இருப்பதே 18 குதிரைத்திறன். எதிர்க்காற்றிலோ மேட்டிலோ டாப் கியரில் திணறினால் பிடிவாதம் பிடிக்காமல் மூன்றாவதுக்கு இறக்கி விடுங்கள். இழுக்க முடியாத இன்ஜினை டாப்பில் முறுக்கினால் சூடேறித் தட்டும். 18 பல் வேண்டாம், அது 500க்குத்தான் பொருந்தும்.

ஆம்பூர் பாசஞ்சர்:
17 போட்டால் ஏலகிரி ஏறுமா? 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டுமே?

காட்பாடி ஜங்ஷன்:
ஸ்பீடோ கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டை என்ன செய்தாலும் அதற்குப் பாதிப்பில்லை. தனி ஆளாக ஏலகிரி ஏறும், ஆனால் வளைவில் முன்பை விடச் சீக்கிரம் முதல் கியர் கேட்கும்.

இரும்பு இன்ஜின்:
17ல் இன்னொரு நன்மை, யாரும் சொல்லவில்லை. செயினில் உள் இணைப்பும் வெளி இணைப்பும் மாறி மாறி வரும், அதனால் எண்ணிக்கை வழக்கமாக இரட்டைப்படை. 16 பல்லில் ஒரே பல்லுக்கு எப்போதும் ஒரே வகை இணைப்புதான் வரும், உள் இணைப்பு அல்லது வெளி இணைப்பு. 17 ஒற்றைப்படை, ஒவ்வொரு பல்லும் இரண்டையும் மாறி மாறிச் சந்திக்கும். தேய்மானம் சமமாகும்.

குடியாத்தம் குமரன்:
பின்னால் 38 இருக்கிறதே அண்ணா, அதுவும் இரட்டைப்படைதான். பல வருடம் ஓடவில்லையா? செயினைத் தின்பது லாரி கிளப்பும் புழுதியும், எண்ணெய் விடாத சோம்பலும்.

இரும்பு இன்ஜின்:
பின் பல் நிறைய, அதனால் ஒவ்வொன்றுக்கும் வேலை குறைவு. முன் பல்தான் சீக்கிரம் கொக்கி போல வளையும். பழைய ஸ்ப்ராக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குடியாத்தம் குமரன்:
நானும் எடுத்துப் பார்த்திருக்கிறேன் அண்ணா. அது 17 பல், அதுவும் கொக்கியாகத்தான் இருந்தது.

காட்பாடி ஜங்ஷன்:
இதை அப்புறம் பேசலாம். தம்பி, மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். இவ்வளவு கழற்றிய பிறகு ஸ்ப்ராக்கெட் பக்கத்து ஆயில் சீலைப் பார்க்காமல் மூடக் கூடாது. நட்டு கழலாமல் பிடிக்கிற லாக் வாஷரைப் புதிதாகப் போட்டு விளிம்பை மடிக்க வேண்டும். ஒரு பல் கூடினால் பின் சக்கரம் 4 மில்லிமீட்டர் போல முன்னால் வரும், அதனால் தேயாத செயின் அப்படியே போதும். தேய்ந்திருந்தால் புது பல்லில் பழைய செயினைப் போட வேண்டாம்.

பாலாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு 17 போட்டாச்சு, செயினும் புதிது. உள்ளே 16தான் இருந்தது, பல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குமரன் அண்ணா, ஹெட் ஸ்டேயில் ஒரு நட்டு கையாலேயே சுற்றியது. இன்று கிருஷ்ணகிரி வரை 75ல் வந்தேன், விரல் மரக்கவில்லை. எது காரணமோ தெரியவில்லை. ஓசூர் போய் எழுதுகிறேன்.

குடியாத்தம் குமரன்:
ஹெட் ஸ்டேதான் தம்பி!

இரும்பு இன்ஜின்:
ஆயில் சீல் மாற்றினாரா? நிறுத்திய இடத்தில் எண்ணெய்த் துளி விழுகிறதா பாருங்கள்.

ஆம்பூர் பாசஞ்சர்:
ஓசூர் போய்ச் சேர்ந்தீர்களா? பத்து நாள் ஆச்சு. நானும் 17 வாங்கி வைத்திருக்கிறேன், ஏலகிரி பற்றிச் சொன்னால் போட்டுவிடுவேன்.