சர்வரை ஊருக்கு ஊர் வைத்தால் நெட்வொர்க் செலவு குறையுமா?

தாலுகாநெட்: எங்களுடையது ஒரு தாலுகாவுக்கு மட்டும் ஃபைபர் இணைப்பு தரும் சின்ன நிறுவனம். மாதச் செலவில் பெரியது சென்னையிலிருந்து வாங்கும் பேண்ட்வித்தான். நேற்று இரவு எட்டரைக்கு கிராஃபைப் பார்த்தேன், கோடு உச்சியைத் தொட்டு நிற்கிறது. பத்துத் தெருவும் ஒரே படத்தைப் பார்க்கிறது. அதே படம் வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் சென்னையிலிருந்து வருகிறது. போதுமான டிராஃபிக் காட்டும் நிறுவனங்களுக்கு நெட்ஃபிளிக்ஸ், படங்களைச் சேமித்து வைக்கும் தன் கேஷ் (cache) சர்வரை இலவசமாகவே தருகிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் படங்களை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு, இரவில் உள்ளூரிலிருந்தே கொடுக்கும். மொபைல் நிறுவனங்களும் இப்படிக் கணினி வேலையை டவரடிக்கே கொண்டுபோனால் செலவு இறங்கும்.

கோபுரவாசி: சர்வர் இலவசம் தம்பி, கரண்டும் இடமும் நம் தலையில். பன்னிரண்டு வருடமாக டவர் பராமரிப்பில் இருக்கிறேன். மே மாதம் டவரடியில் கருவிகள் இருக்கும் ஷெல்டர் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். கரண்ட் போனால் பேட்டரி, அது இறங்கினால் டீசல். அங்கே சர்வரையும் வைத்தால் பேட்டரி தாங்கும் நேரம்தான் குறையும். ஒரு கார்டு போனால் அறுபது கிலோமீட்டர் வண்டியில் போக வேண்டும். சைனா மொபைல் நிறுவனம் 2010 வாக்கில் முன்வைத்த சி-ரான் முறை இதற்கு நேர் எதிர்: டவரடியில் இருந்த, சிக்னலைக் கணக்கிட்டுத் தரவாக மாற்றும் பேஸ்பேண்ட் கருவிகளை ஒரே அறைக்குக் கொண்டுவருவது. ஏசி, வாடகை, ஆள் எல்லாம் மிச்சம்.

தாலுகாநெட்: சரி அண்ணே, அந்த அறைக்கும் டவருக்கும் நடுவே போகிற ஃபைபர்? 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி, இரண்டு ஆன்டெனா என்றாலே ஆன்டெனா சிக்னலை அப்படியே எண்களாக ஃபைபரில் அனுப்பும் சிபிஆர்ஐ முறையில் நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட். நடுராத்திரி ஒருவர்கூடப் பேசாவிட்டாலும் அந்த அளவு ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடித்த வாடகை ஃபைபருக்குப் போய்விடாதா?

கோபுரவாசி: அதனால்தான் இப்போது வேலையைப் பிரிக்கிறார்கள். அவசர வேலை டவருக்குப் பக்கத்தில், அவசரமில்லாதது தூரத்து மையத்தில். மையத்தில் சேர்ப்பதன் லாபம் ஏசி மட்டுமில்லை. பகலில் அலுவலகப் பகுதிக்கு உழைக்கும் அதே பிராசஸர் இரவில் குடியிருப்புக்கு உழைக்கும். டவருக்கு டவர் வைத்தால் பாதி நேரம் சும்மா கிடக்கும், கரண்ட் மட்டும் குடிக்கும்.

நிலாமுற்றம்: ஜப்பானின் ராகுடென் மொபைலை இருவரும் விட்டுவிட்டீர்கள். 2020 ஏப்ரலில் முழுச் சேவை தொடங்கியபோதே சாதாரண சர்வரில் மென்பொருளாக நெட்வொர்க்கை ஓட்டியவர்கள். மாற்றம் என்றால் மென்பொருளைத்தான் மாற்ற வேண்டும், ஆள் டவருக்குப் போக வேண்டியதில்லை.

கோபுரவாசி: பல வருடம் நஷ்டத்தில் ஓடியதையும் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்: சொல்கிறேன். ஆனால் புதிதாக டவர் போட்ட செலவும் கேடிடிஐ என்ற இன்னொரு மொபைல் நிறுவனத்துக்குக் கட்டிய ரோமிங் பணமும் அதில் பெரும் பங்கு. அதைச் சர்வர் மேல் போடுவது நியாயமில்லை.

தாலுகாநெட்: என் கேள்வி வேறு அண்ணே. பேஸ்பேண்ட் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒரே வீடியோவை ஆயிரம் பேருக்கு ஆயிரம் தடவை சென்னையிலிருந்து இழுப்பது வீண் இல்லையா?

கோபுரவாசி: வீண்தான். கேஷை ஊர் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் வை, நானே வந்து ரேக் மாட்டித் தருகிறேன். என் டவரடியில் மட்டும் வேண்டாம்.